போருக்குப் போன பைக்கின் பூர்வீகம்: தேடத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய மிலிட்டரி மோட்டார் சைக்கிளை யார் விற்றாலும் கூடவே ஒரு கதையையும் இலவசமாகத் தருவார்கள். பர்மாச் சண்டையில் ஓடிய வண்டி என்பார் ஒருவர். வட ஆப்பிரிக்காவில் ஜெர்மன் தளபதி ரோம்மலின் படையைத் துரத்தியது என்பார் இன்னொருவர். வெள்ளைக்கார மேஜர் கப்பலேறும்போது தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனதாகவும் கேட்டிருப்பீர்கள். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் செய்யலாம் என்கிற ஊரில் ஒரு வண்டியை விற்க நாலு பொய் சொல்வது பெரிய விஷயமில்லை. சில சமயம் விற்பவரே அதை முழுமனதாக நம்பிக்கொண்டிருப்பார். அதனால் கதையைக் கேலி செய்ய வேண்டாம். கேட்டதை அப்படியே ஒரு தாளில் எழுதி, சொன்னவர் யார் என்று குறித்து, ஓரமாக வைத்துவிடுங்கள். தேடலை வண்டியின் இரும்பிலிருந்து தொடங்குங்கள்.

உதாரணத்துக்கு பி.எஸ்.ஏ. என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் எம்20 வண்டியை எடுத்துக்கொள்கிறேன். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைகளுக்காகப் பர்மிங்காமின் ஸ்மால் ஹீத் தொழிற்சாலையில் சுமார் 1,26,000 எம்20 வண்டிகள் தயாராயின. 496 சிசி, சைடு வால்வு எஞ்சின், முன்னால் கர்டர் ஃபோர்க். வேகம் கிடையாது, ஆனால் எதையும் தாங்கும். எண்ணிக்கை அதிகம் என்பதால் தகவலும் அதிகம். புதிதாகத் தேடுபவர்களுக்கு இது நல்ல பாடப்புத்தகம். நார்ட்டன் 16எச், மாட்ச்லெஸ் ஜி3எல், ஏரியல் டபிள்யூ/என்.ஜி., ராயல் என்ஃபீல்ட் டபிள்யூ.டி./சி.ஓ. என்று உங்களிடம் எது இருந்தாலும் வழி ஏறக்குறைய இதேதான். அமெரிக்க, ஜெர்மன் வண்டிகளின் கணக்கு வேறு; அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஆசையை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். வண்டி எப்போது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது என்பதைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். எந்த ராணுவ ஒப்பந்தத்தின்கீழ் செய்யப்பட்டது என்பதும் கிடைக்கும். போர்க்காலத்தில் டேங்கில் எழுதியிருந்த ராணுவ எண் அதிர்ஷ்டம் இருந்தால் கிடைக்கும். எந்தப் பிரிவில் ஓடியது என்பது அபூர்வம். ஓட்டியவர் பெயர், அவருடைய குடும்பத்தார் வீட்டில் ஒரு புகைப்படம் கிடைத்தால் ஒழிய, அநேகமாகக் கிடைக்காது. காரணம் எளிது. ராணுவத்துக்கு மோட்டார் சைக்கிள் என்பது பூட்ஸ், கம்பளி மாதிரி ஒரு ஸ்டோர் சாமான். போர்க்காலத்தில் பிரிட்டனில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட ராணுவ மோட்டார் சைக்கிள்கள் தயாராயின. ஒவ்வொன்றும் எங்கே போனது என்று தனித்தனியாக வாழ்க்கை வரலாறு எழுதி வைக்க யாருக்கும் நேரமும் இல்லை, அவசியமும் இல்லை.

கழுவாதீர்கள்

வண்டி வீட்டுக்கு வந்ததும் கை பரபரக்கும். பிரஷர் வாஷ், பெயின்ட் ரிமூவர், சாண்ட் பிளாஸ்டிங் எல்லாம் ஞாபகத்துக்கு வரும். எதையும் செய்யாதீர்கள். இன்றைக்குப் பார்க்க அசிங்கமாக இருக்கிற அந்தப் பெயின்ட் அடுக்குகளும், மட்கார்டுக்கு அடியில் ஒட்டியிருக்கிற பழைய அழுக்கும்தான் உங்கள் முதல் ஆவணம். காகிதத்தைக்கூடப் பிறகு தேடி எடுத்துக்கொள்ளலாம். சுரண்டிப்போட்ட பெயின்ட் திரும்ப வராது.

முதல் வேலை போட்டோ. நாலு பக்கமும் எடுங்கள், பிறகு ஒவ்வொரு பாகமாகக் கிட்டே போய் எடுங்கள். டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம், சீட்டுக்கு அடிப்பக்கம், டேங்கைக் கழற்றினால் தெரிகிற சேசிஸ் குழாய், பின் கேரியரின் அடிப்பக்கம், சின்ன பித்தளைத் தகடு ஏதாவது இருந்தால் அது. வண்டியைப் பிரிக்கப் போவது வேறு மெக்கானிக் என்றால் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நல்ல மெக்கானிக்குகள் சுத்தமாக வேலை செய்பவர்கள். இந்த விஷயத்தில் அந்தச் சுத்தமே நமக்கு எதிரி.

எண்களைப் படிப்பது

சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டும் வேண்டும். எம்20-ல் சேசிஸ் நம்பர் ஹேண்டில்பார் இறங்குகிற தலைக்குழாய் இணைப்பின் பக்கவாட்டில் இருக்கும். எஞ்சின் நம்பர் சிலிண்டர் உட்காரும் இடத்துக்குக் கீழே, கிராங்க் கேஸில். மற்ற கம்பெனி வண்டிகளில் சீட்டுக்கு அடியில் குழாய்கள் சேருகிற இடத்தையும் பாருங்கள்.

எண்மேல் கம்பி பிரஷ்ஷோ கிரைண்டரோ வைக்கக் கூடாது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் போட்டு ஊறவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தால் போதும். அப்புறம் இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேராக அடித்த வெளிச்சத்தில் தெரியாத குழிகள் இப்போது நிழல் விழுந்து தெரியும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசி ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் பென்சில் பிரின்ட் எடுப்பார்களே, அதேதான். இந்த உரசல் பிரதியைத்தான் பிறகு வெளிநாட்டு கிளப்புகளுக்கு அனுப்பப் போகிறீர்கள்.

எண் நிஜமானதா என்ற சந்தேகம் இப்போதே வர வேண்டும். தொழிற்சாலையில் எண்ணைக் கையால் பஞ்ச் அடித்தார்கள். அதனால் வரிசை கொஞ்சம் கோணலாக, ஓர் எழுத்து ஆழமாக, ஓர் எழுத்து மேலாக இருப்பது இயல்பு. நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தால்தான் யோசிக்க வேண்டும். எண்ணைச் சுற்றியுள்ள பரப்பையும் பாருங்கள். சுற்றிலும் வார்ப்பு உலோகத்தின் சொரசொரப்பு இருந்து, எண் இருக்கிற இடம் மட்டும் வழவழவென்று பள்ளமாக இருந்தால் பழைய எண்ணை ராவிவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எம்20-ல் போர்க்கால எண்ணுக்கு முன்னால் பெரும்பாலும் டபிள்யூ.எம்.20 என்ற எழுத்துகள் இருக்கும். டபிள்யூ என்பது வார் டிபார்ட்மென்ட், அதாவது பிரிட்டிஷ் போர்த்துறை. எக்ஸ்.எம்.20, ஒய்.எம்.20, இசட்.எம்.20 என்று இருந்தால் அது போர் முடிந்தபின் பொதுமக்களுக்காகச் செய்த வண்டி. பச்சை பெயின்ட் அடித்து, பக்கவாட்டில் கித்தான் பை மாட்டி, இவற்றை மிலிட்டரி வண்டி என்று விற்பது நம்மூரில் மட்டுமல்ல, உலகம் முழுக்க நடக்கிறது. முன்னெழுத்தைப் படித்த அந்த ஒரு நிமிடத்தில் விலை பாதியாகிவிடும்.

சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் ஒத்துப்போகவில்லையே என்று பலர் மனம் உடைந்துவிடுகிறார்கள். தேவையில்லை. ராணுவப் பட்டறையில் பழுதான எஞ்சினை அங்கேயே பிரித்து உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஏற்கெனவே புதுப்பித்து வைத்திருந்த வேறு எஞ்சினை மாட்டி வண்டியை அனுப்பிவிடுவார்கள். பிரிட்டிஷ் ராணுவத்தில் இதற்கென்று ஆர்.இ.எம்.இ. என்ற பொறியியல் படைப்பிரிவு 1942 அக்டோபரில் உருவானது. இந்திய ராணுவத்தில் ஐ.இ.எம்.இ. 1943 மே மாதம். ஆக, எண்கள் வேறுபடுவது வண்டி நிஜமாகவே உழைத்தது என்பதற்கு அடையாளமாக இருக்கலாம். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் ஷோரூம் கார் சேகரிப்பவர்களிடமிருந்து வந்தது. அந்தப் பிடிவாதத்துக்குத் தீனி போடத்தான் எண்களை ராவி மறுபடி அடிக்கிறார்கள்.

பேரேடு என்ன சொல்கிறது

தொழிற்சாலையிலிருந்து வெளியே போன ஒவ்வொரு வண்டியையும் டெஸ்பாட்ச் பேரேட்டில் எழுதினார்கள். இந்தப் பேரேடுகளில் பல தப்பிப் பிழைத்திருக்கின்றன. இங்கிலாந்தின் விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் பல கம்பெனிகளின் பதிவுகளைத் தன் நூலகத்தில் வைத்திருக்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு வண்டியின் தயாரிப்புக் காலத்துக்குச் சான்றிதழ் தருகிறது. மாட்ச்லெஸ், ஏ.ஜே.எஸ். வண்டிகளுக்கு அவற்றின் உரிமையாளர் கிளப்பையும், ராயல் என்ஃபீல்டுக்கு இங்கிலாந்தில் உள்ள ராயல் என்ஃபீல்ட் ஓனர்ஸ் கிளப்பையும் கேட்க வேண்டும். நம் ராயல் என்ஃபீல்ட் ஆயிற்றே என்று சென்னையைத் தேடாதீர்கள். இங்கே புல்லட் தயாரிப்பு ஆரம்பித்தது 1955-ல். போர்க்கால என்ஃபீல்ட் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரின் வண்டி, அதன் கணக்கும் அங்கேதான்.

எல்லாப் பேரேடும் கிடைக்காது. 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் கவென்ட்ரி நகரைத் தாக்கியபோது அங்கிருந்த டிரையம்ஃப் தொழிற்சாலையும் நாசமானது. பிறகு அந்தக் கம்பெனி வார்விக்கிலும் கடைசியில் 1942-ல் மெரிடனிலும் போய் நின்றது. கவென்ட்ரி காலத்து டிரையம்ஃப் வைத்திருப்பவர்கள் பேரேட்டில் ஓட்டை இருக்கும் என்று எதிர்பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து நாள் கழித்து, நவம்பர் 19-ம் தேதி, பி.எஸ்.ஏ.வின் ஸ்மால் ஹீத் ஆலையிலும் குண்டு விழுந்து 53 தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். உங்கள் எம்20 அதற்கு முன்னால் செய்ததா, பின்னால் செய்ததா என்பதையும் பேரேட்டுத் தேதி காட்டிவிடும்.

எழுதிக் கேட்கும்போது ‘என் வண்டியின் வரலாற்றைச் சொல்லுங்கள்’ என்று கேட்காதீர்கள். அந்தக் கிளப்புகளில் பதில் எழுதுபவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற தன்னார்வலர்கள். சேசிஸ் நம்பர் இது, எஞ்சின் நம்பர் இது, இரண்டின் போட்டோவும் உரசல் பிரதியும் இணைத்திருக்கிறேன். வெளியே போன தேதி, ஒப்பந்த எண், போய்ச் சேர்ந்த இடம் ஆகிய மூன்றும் பேரேட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். தெளிவாகக் கேட்டால் தெளிவான பதில் வரும். அவசரப்படுத்தாதீர்கள்.

போய்ச் சேர்ந்த இடம் என்று பேரேட்டில் வருவது பெரும்பாலும் ஒரு கிடங்கின் பெயர். நாட்டிங்காம் பக்கத்தில் உள்ள சில்வெல் அப்படி ஒரு பெரிய ராணுவ வாகனக் கிடங்கு. அதைப் பார்த்துவிட்டு என் வண்டி இங்கிலாந்திலேயே இருந்தது என்று முடிவுக்கு வரக் கூடாது. கிடங்கு என்பது வண்டி ஏறுகிற ஸ்டாண்ட். எங்கே இறங்கியது என்பது வேறு கதை.

டேங்கில் எழுதிய எண்

பிரிட்டிஷ் ராணுவ வாகனம் ஒவ்வொன்றுக்கும் சென்சஸ் நம்பர் என்று ஒன்று இருந்தது. நம்பர் பிளேட்டுக்குப் பதிலாக இதைத்தான் பெயின்டில் எழுதினார்கள். முதலெழுத்து வாகன வகையைச் சொல்லும்: லாரிக்கு எல், காருக்கு எம், டாங்கிக்கு டி, மோட்டார் சைக்கிளுக்கு சி. சி எழுத்தும் அதன்பின் நீளமான எண்ணுமாக டேங்கின் இரு பக்கமும் இருக்கும். விமானப்படை வண்டி என்றால் ஆர்.ஏ.எஃப். என்ற எழுத்துகளோடு எண் வரும்.

இந்த எண் சேசிஸில் பஞ்ச் அடிக்கப்பட்டதல்ல, வெறும் பெயின்ட். அதனால் பேரேட்டுக்கும் சென்சஸ் நம்பருக்கும் நடுவில் ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலம்தான் ஒப்பந்த எண். போர்த்துறை ஓர் ஒப்பந்தத்தில் இத்தனை ஆயிரம் வண்டி என்று ஆர்டர் கொடுக்கும்போதே அவற்றுக்கான சென்சஸ் எண்களையும் ஒதுக்கிவிடும். எந்த ஒப்பந்தத்துக்கு எந்த எண்கள் என்ற பட்டியல்களை ராணுவ மோட்டார் சைக்கிள் ஆர்வலர்கள் பல வருடமாகத் தொகுத்து வைத்திருக்கிறார்கள்.

கணக்கு இப்படிப் போகும். இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஓர் ஒப்பந்தத்தின் சேசிஸ் எண்கள் 30001-ல் தொடங்குகின்றன, சென்சஸ் எண்கள் சி 4500001-ல் தொடங்குகின்றன என்று வையுங்கள். உங்கள் சேசிஸ் 31250 என்றால் சென்சஸ் நம்பர் சி 4501250 ஆக இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வரிசையும் இணையாகப் போன ஒப்பந்தங்களில் இது பலிக்கும். சேசிஸை எடுத்த வரிசையும் பெயின்டர் எண் எழுதிய வரிசையும் கலைந்துபோன ஒப்பந்தங்களில் பலிக்காது. பழைய பெயின்டோடு பிழைத்த வண்டிகளை வைத்து எந்த ஒப்பந்தம் எப்படி என்று ஆர்வலர்கள் சரிபார்த்து வருகிறார்கள். உங்கள் ஒப்பந்தம் எந்த வகை என்று கேட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

பிரிட்டிஷ் ராணுவம் 1949-ல் இந்த முறையையே மாற்றிவிட்டது. இரண்டு இலக்கம், இரண்டு எழுத்து, இரண்டு இலக்கம் என்ற புது வடிவம் வந்தது. அப்போது பணியில் இருந்த பழைய வண்டிகளுக்கும் புது எண் கிடைத்தது. அப்படிப்பட்ட எண் உங்கள் வண்டியில் இருந்தால் அது போருக்குப் பிறகும் ராணுவத்தில் இருந்திருக்கிறது. அந்தக் காலத்து வாகன அட்டைகள் பல, வின்செஸ்டர் அருகே வொர்தி டவுனில் உள்ள ராயல் லாஜிஸ்டிக் கோர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. போர்க்கால வண்டியைவிடப் போருக்குப் பிந்தைய வண்டிக்குத் தடம் சுலபமாகக் கிடைப்பது விசித்திரம்தான்.

பெயின்ட் அடுக்குகள்

எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த கட்டம் இதுதான். டேங்க், மட்கார்டு, டூல் பாக்ஸ் இவற்றில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, 1000 அல்லது 1200 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து வட்டமாகத் தேயுங்கள். நடுவில் அதிகமாக, ஓரத்துக்கு வரவரக் குறைவாக. ஒவ்வொரு அடுக்கும் ஒரு வளையமாகத் தெரியும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். அதனால் காய்ந்தபடி தேய்க்கவே கூடாது. முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், தேய்த்த தண்ணீரைக் குழந்தைகள் புழங்கும் இடத்தில் ஊற்றாதீர்கள்.

போரின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் வண்டிகள் காக்கி கலந்த பச்சையில் வெளிவந்தன. 1941-42 வாக்கில் எஸ்.சி.சி.2 எனப்படும் அடர் பழுப்பு வந்தது. 1944-ல் எஸ்.சி.சி.15 என்ற ஆலிவ் டிராப் பச்சை. இவற்றில் அடியில் இருப்பது எது என்பது, பேரேட்டில் வந்த தேதியோடு பொருந்த வேண்டும். 1944-ல் வெளிவந்ததாகப் பேரேடு சொல்கிற வண்டியின் பெட்ரோல் டேங்கில் அடியடுக்கு 1940-ன் காக்கிப் பச்சையாக இருந்தால், டேங்க் வேறு வண்டியுடையது. பச்சைக்கு மேல் மணல் நிறம் இருந்தால் கண் விரியும். மத்திய கிழக்கிலோ வட ஆப்பிரிக்காவிலோ ஓடியிருக்க நல்ல வாய்ப்பு. நீலம் கலந்த சாம்பல் நிறம் என்றால் விமானப்படை. செங்காவி நிறத்தைப் பார்த்ததும் துள்ளிக் குதிக்காதீர்கள், அது பெரும்பாலும் துரு பிடிக்காமல் இருக்க அடித்த ரெட் ஆக்சைடு.

எண்ணோ சின்னமோ இருக்கும் என்று சந்தேகப்படுகிற இடத்தை முதலில் தேய்க்காதீர்கள். டார்ச்சைச் சாய்த்துப் பாருங்கள். மேலே மூன்று கோட் பெயின்ட் இருந்தாலும் அடியில் எழுதிய எழுத்தின் விளிம்பு லேசாக மேடிட்டுத் தெரியும். தெரிந்தால், ஒரு தடவை தேய்ப்பதும் ஒரு போட்டோ எடுப்பதுமாக மாற்றி மாற்றிப் போங்கள். மேல் அடுக்கில் ஒன்றும் அடியில் ஒன்றுமாக இரண்டு சின்னங்கள்கூட இருக்கலாம். கீழே இறங்குகிற அவசரத்தில் மேலே இருந்ததை அழித்துவிட்டால் போட்டோ மட்டும்தான் சாட்சி.

சின்னங்கள் இரண்டு வகை. ஒன்று, டிவிஷன் அடையாளம்: நான்காவது இந்திய டிவிஷனுக்குச் சிவப்புக் கழுகு, பதினேழாவது இந்திய டிவிஷனுக்குக் கறுப்புப் பூனை, பிரிட்டிஷ் ஏழாவது கவச டிவிஷனுக்குச் சிவப்பு ஜெர்போவா எலி. இன்னொன்று, ஒரு வண்ணச் சதுரமும் அதில் ஓர் எண்ணும். சதுரத்தின் நிறம் படையின் வகையைச் சொல்லும். மேலே வெள்ளை, கீழே நீலம் என்றால் ராயல் சிக்னல்ஸ் என்ற தகவல் தொடர்புப் படை. தபால் சுமந்து ஓடிய டெஸ்பாட்ச் ரைடர்களில் பலர் இவர்கள்தான். மேலே சிவப்பு, கீழே நீலம் என்றால் பீரங்கிப் படை. காலாட்படை டிவிஷனில் முதல் பிரிகேடுக்குச் சிவப்பு, இரண்டாவதுக்குப் பச்சை, மூன்றாவதுக்குப் பழுப்பு. போரின் பிற்பகுதியில் சிவப்பில் 55, 56, 57, பச்சையில் 60, 61, 62, பழுப்பில் 67, 68, 69 என்று பட்டாலியன்களுக்கு எண் போட்டார்கள். இந்த எண்கள் காலத்துக்குக் காலம் மாறின. டிவிஷன் சின்னமும் சதுர எண்ணும் சேர்ந்து கிடைத்து, எந்த ஆண்டு என்றும் தெரிந்தால் பட்டாலியன் பெயரையே சொல்லிவிடலாம். ஒன்று மட்டும் கிடைத்தால் சொல்ல முடியாது.

பாகங்கள் சொல்லும் சாட்சி

மாக்னெட்டோ, டைனமோவில் லூகாஸ் கம்பெனி மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். சில பாகங்களில் பிரிட்டிஷ் அரசுச் சொத்துக்கான அம்புக்குறி முத்திரை இருக்கும். அம்புக்குறி இருப்பதாலேயே அந்தப் பாகம் உங்கள் வண்டியோடு பிறந்தது என்று ஆகிவிடாது. ராணுவக் கழிவு உதிரி பாகங்கள் போருக்குப் பிறகு பழைய இரும்புக் கடைகளில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன.

போரின் நடுவில் வந்த மாற்றங்களையும் கவனியுங்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததும் மலாயாவின் ரப்பர் பிரிட்டனுக்குக் கிடைக்காமல் போனது. ஹேண்டில் கைப்பிடியில் ரப்பருக்குப் பதில் கித்தான் துணி வந்தது, கால் வைக்கிற ஃபுட்ரெஸ்ட் வெறும் இரும்பானது. தமிழ்த் தொழிலாளர்கள் பால் வெட்டிய தோட்டங்கள் ஜப்பானியர் கைக்குப் போனதன் அடையாளம் பர்மிங்காமில் செய்த வண்டியில் இருக்கிறது. 1941 வண்டியில் இரும்பு ஃபுட்ரெஸ்ட் இருந்தால் பிறகு மாற்றியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். டேங்கின் மேல் உட்கார்ந்திருக்கிற பெட்டி மாதிரியான ஏர் ஃபில்டரும் போரின் பிற்பகுதியில் வந்ததுதான்.

பித்தளைத் தகடுகளை மட்டும் கடைசியாக நம்புங்கள். எந்தத் தகடும் இன்று புதிதாகச் செய்து விற்கப்படுகிறது. பழசு போலக் கறுப்பாக்கியும் தருகிறார்கள்.

படைப்பிரிவின் நாட்குறிப்பு

பிரிவின் பெயர் கிடைத்தவர்கள் மட்டும் இந்தப் படிக்கு வாருங்கள். பிரிட்டிஷ், இந்தியப் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றும் போர் நாட்குறிப்பு எழுதின. அவை லண்டனில் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அங்கே கோப்பு வரிசைகளுக்கு எண் உண்டு: டபிள்யூ.ஓ. 166 உள்நாட்டுப் படைகள், 169 மத்திய கிழக்கு, 170 இத்தாலிப் பக்கம், 171 வடமேற்கு ஐரோப்பா, 172 தென்கிழக்காசியா. பர்மா முனையைத் தேடுபவர்களுக்கு 172 முக்கியம். தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளின் தலைமையகம் 1944 ஏப்ரலில் டில்லியிலிருந்து கண்டிக்குப் பக்கத்தில் பேராதனைக்கு வந்தது. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவின் கம்பெனிகள் பல முனைகளில் இருந்ததால் அவற்றைத் தேடுபவர்கள் ஒரே வரிசையில் நின்றுவிடக் கூடாது. வாசகர் அட்டை இலவசம். சொந்த கேமராவில் படம் எடுத்துக்கொள்ளவும் காசு கிடையாது. லண்டனில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் உதவி கேட்க நல்ல சாக்கு.

நாட்குறிப்பில் உங்கள் சென்சஸ் நம்பர் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள், அநேகமாக இருக்காது. பிரிவு எங்கே நின்றது, எந்த ஆற்றைக் கடந்தது, எத்தனை வண்டி வைத்திருந்தது என்பதெல்லாம் இருக்கும். அதுவே பெரிது. போர்க்காலப் புகைப்படங்களுக்கு லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தின் தொகுப்பைப் பாருங்கள். டேங்க் எண் தெளிவாகத் தெரியும் படங்கள் அதில் உண்டு. உங்கள் எண்ணே கிடைப்பது லாட்டரி. ஆனால் அதே ஒப்பந்தத்து வண்டி ஒன்று கிடைத்தால், எண்ணை எந்த அளவில், எங்கே எழுதினார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

போருக்குப் பிறகு, நம்மூர்ப் பக்கம்

போர் முடிந்ததும் தேவைக்கு மேல் இருந்த வண்டிகளை ஏலம் விட்டார்கள். ராணுவ ஏலத்தில் எடுத்தது என்று நம் தாத்தாக்கள் சொல்வதில் பல நிஜம். சிக்கல் ஆர்.சி. புக்கில்தான். அதில் தயாரிப்பு ஆண்டு என்ற இடத்தில் பெரும்பாலும் முதன்முதலாகப் பதிவுசெய்த ஆண்டைப் போட்டிருப்பார்கள். 1942-ல் செய்த வண்டி 1947 மாடல் ஆகிவிடும். ஆகவே ஆர்.சி. புக்கில் 1947 என்று இருப்பது போர்க்கால வண்டி இல்லை என்பதற்குச் சான்றாகாது.

பதிவுசெய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பி ரிஜிஸ்டர் எக்ஸ்ட்ராக்ட், அதாவது வண்டிப் பதிவேட்டின் நகல், கேளுங்கள். பழைய பதிவேடு கரையானுக்குத் தப்பியிருந்தால் முதல் உரிமையாளர் விவரம் அதில் வரும். வாய்மொழியாகக் கேட்டு வேலையாகவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். தனிநபர் விவரம் என்று சிலதை மறைத்துத் தரக்கூடும். கைமாறிய கடிதம், இன்சூரன்ஸ் காகிதம், வரி ரசீது என்று முந்தைய உரிமையாளர் வீட்டுப் பரணில் கிடக்கிறதா என்றும் விசாரியுங்கள். வண்டியோடு காகிதங்களையும் கேட்டு வாங்குவதை விலை பேசும்போதே செய்துவிட வேண்டும். பணம் கைமாறியபின் யாரும் பரண் ஏற மாட்டார்கள்.

50 வயது தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று பதிவுசெய்ய 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது, நம்பரில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு கிளப் தரும் தயாரிப்புத் தேதிச் சான்றிதழ் கையில் இருப்பது நல்லது.

ஹார்லி, பி.எம்.டபிள்யூ.

ஹார்லி டேவிட்சன் டபிள்யூ.எல்.ஏ. வைத்திருப்பவர்கள் சேசிஸ் நம்பரைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்தக் காலத்து ஹார்லியில் சேசிஸில் எண் கிடையாது. கிராங்க் கேஸின் இடது பக்கம் உள்ள எண்தான் எல்லாம். அதில் 42 டபிள்யூ.எல்.ஏ. என்று இருப்பதால் 1942-ல் செய்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1945 வரை செய்தவற்றுக்கும் அதே 42-தான் போட்டார்கள். கிராங்க் கேஸின் அடிவயிற்றில் இரண்டு பாதிகளிலும் ஓர் எண் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஜெர்மன் பி.எம்.டபிள்யூ. ஆர்75 என்றால் கம்பெனியின் ஆவணக் காப்பகத்துக்கே எழுதி, வெளியே போன தேதியைக் கேட்கலாம்.

கோப்பும் பெயின்டரும்

கிடைத்ததையெல்லாம் ஒரே கோப்பில் போடுங்கள். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அது வண்டியில் பார்த்ததா, பேரேட்டில் வந்ததா, கணக்குப் போட்டதா, யாரோ சொன்னதா என்று எழுதுங்கள். தொடக்கத்தில் ஓரமாக வைத்த அந்தக் கதைத் தாளுக்கும் அதில் இடம் உண்டு, கடைசி வகையில்.

வண்டிக்கு மறுபடி பெயின்ட் அடிக்கும் நாளில் ஆசை உச்சத்துக்குப் போகும். கறுப்புப் பூனை அழகாக இருக்கிறது என்பதற்காக அதை மட்கார்டில் வரையாதீர்கள். பத்து வருடம் கழித்து வாங்குபவர் அதை ஆதாரமாக நினைத்துத் தேட ஆரம்பிப்பார். பழைய எழுத்து கிடைத்த பாகத்தைப் பெயின்டரிடம் கொடுக்காமல் அப்படியே வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் அளவெடுத்து, படமெடுத்துவிட்டுக் கொடுங்கள். கணக்குப் போட்டு வந்த சென்சஸ் நம்பரை எழுதலாம், தப்பில்லை. அது கணக்கில் வந்தது என்று கோப்பில் இருந்தால் போதும்.

உங்கள் எண்களை அந்தந்த கிளப்பின் பதிவேட்டுக்கு அனுப்பிவையுங்கள். பிழைத்த வண்டிகளின் பட்டியல் நீள நீளத்தான் ஒப்பந்தக் கணக்குகள் சரியாகின்றன. இணையத்தில் போட்டோ போடும்போது மட்டும் சேசிஸ் நம்பரின் கடைசி இரண்டு இலக்கத்தை மறைத்துவிடுங்கள். எண்ணே இல்லாத சேசிஸை வைத்துக்கொண்டு நல்ல எண்ணுக்காகக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.